சாசனத்தைத் திருத்துமுன் எங்களைக் கேளுங்கள்: நியூயார்க் நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

நியூயார்க் நகர மன்ற உறுப்பினர்கள் 51 பேருக்கும், வணக்கம்.

நான் குவீன்ஸில் வசிக்கும் ஒரு வாக்காளர். உங்களிடம் ஒன்றைக் கேட்கவே இந்த மடல். நகர சாசனத்தில் மக்கள் வாக்களித்துச் சேர்த்த எதையும், மறுபடி மக்களைக் கேட்காமல் ஒரு உள்ளூர்ச் சட்டத்தால் மாற்றாதீர்கள். அப்படி மாற்ற முடியாது என்று சாசனத்திலேயே எழுத வழி செய்து, அந்தக் கேள்வியையும் எங்கள் முன்னால் வையுங்கள். இதன் சாரத்தை ஆங்கிலத்தில் என் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். தமிழில் விரிவாக எழுதுவதற்குக் காரணம், இந்த நகரத்தில் வாழும் தமிழர்களும் இதைப் படித்து, அவரவர் உறுப்பினரிடம் இதையே கேட்க வேண்டும் என்ற ஆசைதான்.

அவர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். நியூயார்க் நகரத்துக்கென்று தனியாக ஒரு சாசனம் இருக்கிறது. மேயருக்கு என்ன அதிகாரம், மன்றத்துக்கு என்ன அதிகாரம், பட்ஜெட் எப்படிப் போட வேண்டும், ஒரு தெருவில் எத்தனை மாடிக் கட்டடம் எழும்பலாம் என்பதை யார் முடிவு செய்வது, இதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை மாற்றப் பல வழிகள் உண்டு. மேயரோ மன்றமோ ஒரு சாசனத் திருத்த ஆணையத்தை அமைக்கலாம். அது எழுதும் கேள்விகள் வாக்குச் சீட்டில் வரும். மக்களே கையெழுத்துத் திரட்டியும் ஒரு கேள்வியைக் கொண்டுவரலாம். முதலில் 30,000 கையெழுத்து, மன்றம் ஏற்காவிட்டால் மேலும் 15,000. ஆல்பனியில் இருக்கும் மாநிலச் சட்டமன்றமும் சிலவற்றை மாற்றலாம். இவற்றையெல்லாம்விடச் சுலபமான வழி ஒன்றும் இருக்கிறது. நகர மன்றமே உள்ளூர்ச் சட்டம் ஒன்றைப் போட்டுச் சாசனத்தைத் திருத்திவிடலாம். 51 பேரில் 26 பேர் ஆதரித்து மேயர் கையெழுத்திட்டால் போதும். மேயர் மறுத்தாலும் 34 பேர் சேர்ந்தால் அது சட்டம்.

நான் வளர்ந்தது சென்னையில். அங்கே மாநகராட்சி எப்படி இயங்க வேண்டும் என்பதை எழுதுவது சட்டமன்றம். 1919 இல் வந்த சட்டத்தின் கீழ் நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த மாநகராட்சி ஓடியது. அதில் ஒரு வரியையாவது மாற்றலாமா என்று ஊர்க்காரர்களை யாரும் வாக்குச் சீட்டில் கேட்டதில்லை. 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் ஒருவர்கூட இல்லாமல் அதிகாரிகளே நகரத்தை நடத்தினார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவருக்கு, ‘உங்கள் நகரத்தின் சாசனத்தில் இந்த மாற்றம் வேண்டுமா, வேண்டாமா’ என்று அச்சிட்டுக் கையில் தரும் ஒரு காகிதம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு எடுத்துச் சொல்வது கஷ்டம். வாக்குச் சீட்டின் பின்பக்கத்தில் இருக்கும் அந்தக் கேள்விகளை நான் ஒருபோதும் நிரப்பாமல் விட்டதில்லை. அதனால்தான் இந்த விஷயத்தில் இத்தனை அக்கறை.

சுலப வழியே கூடாது என்று நான் கேட்கவில்லை. சாசனம் பெரிய ஆவணம். அன்றாட நிர்வாக விஷயங்கள் அதில் ஏராளம். 2017 இல் இரவு விடுதிகள், இசை அரங்குகள் போன்றவற்றுக்கும் நகர நிர்வாகத்துக்கும் நடுவில் நின்று பேச ஓர் அலுவலகத்தை இதே மன்றம் உருவாக்கியது. சாசனத்தில் ஒரு பிரிவைச் சேர்த்துத்தான் அது நடந்தது. இதற்கெல்லாம் இத்தனை லட்சம் வாக்காளர்களைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, கேட்கவும் வேண்டாம். சரி, எதற்குக் கேட்க வேண்டும்?

மாநிலத்தின் நகராட்சித் தன்னாட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதற்கு ஒரு பட்டியல் தருகிறது. மன்றத்தின் அமைப்பை மாற்றினால், மேயரின் மறுப்பு அதிகாரத்தைத் தொட்டால், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பதவியை ஒழித்தால், அந்தப் பதவியின் காலத்தை மாற்றினால், அதில் இருப்பவரின் அதிகாரத்தைக் குறைத்தால், அவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றினால், பொது வாக்கெடுப்பு கட்டாயம். 2024 இல் உங்களுக்கே இது நேர்ந்தது. மேயர் நியமிக்கும் துறைத் தலைவர்களில் மேலும் பலருக்கு மன்றத்தின் ஒப்புதலும் வேண்டும் என்று நீங்கள் சட்டம் நிறைவேற்றினீர்கள். அது மேயரின் அதிகாரத்தைக் குறைப்பதால் மக்களிடம் போயே ஆக வேண்டியிருந்தது.

இப்போது அந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். மேயரின் அதிகாரத்துக்கு அதில் காவல் இருக்கிறது. மன்றத்துக்கும் மற்றத் தலைவர்களுக்கும் காவல் இருக்கிறது. மக்கள் தாங்களே வாக்களித்துச் சொன்ன ஒரு முடிவுக்கு, மக்களின் முடிவு என்ற ஒரே காரணத்துக்காக அதில் எந்தக் காவலும் இல்லை. மேயரிடமிருந்து ஒரு நியமனத்தைப் பறிக்க வேண்டுமானால் எங்களைக் கேட்க வேண்டும். நாங்கள் கொடுத்த தீர்ப்பையே மாற்ற வேண்டுமானால், அது பட்டியலில் உள்ள வேறு ஏதாவதொன்றோடு தற்செயலாக மோதினால் தவிர, கேட்க வேண்டியதில்லை. 2022 இல் சாசனத்துக்கு ஒரு முகவுரை வேண்டும் என்று மக்கள் வாக்களித்தார்கள். நீதியும் சமத்துவமும் உள்ள நகரமாக இது இருக்க வேண்டும் என்று சொல்லும் அந்த முகவுரை 23ஆம் பிரிவின் எந்த வரியிலும் வராது. 26 பேரும் ஒரு மேயரும் நினைத்தால் அதைத் திருத்தி எழுதிவிடலாம்.

அப்படியெல்லாம் யார் செய்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். 2008 இல் செய்தார்கள். அந்தக் கதையை இந்த மன்றத்தில் இன்றிருக்கும் உறுப்பினர்களில் பலர் மாணவர்களாக இருந்தபோது கேட்டிருப்பார்கள். முழுதாக நினைவுபடுத்துகிறேன்.

1993 இல், மேயரும் மன்ற உறுப்பினர்களும் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது என்ற கேள்வி மக்களின் கையெழுத்து வழியாக வந்தது. வாக்குச் சீட்டில் ஏறுவதற்கே அது நீதிமன்றத்தின் படி ஏற வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 1996 இல் அன்றைய மன்றம், இரண்டை மூன்றாக்கலாமா என்று மக்களிடமே திரும்பக் கேட்டது. மக்கள் மறுத்தார்கள். தங்களுக்குப் பிடிக்காத ஒரு விதியை மாற்ற அந்த மன்றம் மக்களிடம் வந்து நின்றது. பதில் பாதகமாக வந்ததும் ஏற்றுக்கொண்டது. அந்த நேர்மையைத்தான் உங்களிடமும் கேட்கிறேன்.

பிறகு 2008. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி விழுந்தது. வால் ஸ்ட்ரீட்டே ஆடிப்போயிருந்தது. அக்டோபர் தொடக்கத்தில், அதற்கு முன் இந்த வரம்பைத் தளர்த்துவதற்கு எதிராகப் பேசியிருந்த மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க், நெருக்கடி நேரத்தில் நகரத்துக்கு அனுபவம் வேண்டும், மூன்றாவது முறையும் போட்டியிட விரும்புகிறேன் என்று அறிவித்தார். அதே மாதம் 23ஆம் தேதி மன்றம் வாக்களித்தது. 29 பேர் ஆதரவு, 22 பேர் எதிர்ப்பு. இதை மக்களிடமே விடுவோம் என்று அதே நாளில் வந்த ஒரு திருத்தமும் தோற்றது. நவம்பர் 3ஆம் தேதி மேயர் கையெழுத்திட்டார். அடுத்த நாள் காலையில்தான் ஒபாமாவைத் தேர்ந்தெடுத்த தேர்தலுக்காக இந்த நகரம் முழுவதும் வரிசையில் நின்றது. கேட்டிருக்க வேண்டிய அத்தனை பேரும் வாக்குச் சாவடிக்கு வரப்போகும் நாளுக்கு முந்தைய நாள்!

அந்தத் தேர்தலிலேயே ஏன் கேட்கவில்லை என்பதற்கு ஆதரித்தவர்கள் அன்றைக்கே பதில் சொன்னார்கள். நவம்பர் வாக்குச் சீட்டில் கேள்வியைச் சேர்க்க நேரம் கடந்துவிட்டது, தனியாக ஒரு தேர்தல் வைத்தால் கொஞ்சம் பேர்தான் வருவார்கள் என்றார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நேரம் கடந்துபோனதற்கு வாக்காளர் காரணமல்ல. வரம்பு இருக்கிறது என்பது 1993 முதலே எல்லோருக்கும் தெரியும். நெருக்கடிக்கு முன்பே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை என்றால், இருக்கும் விதியோடு வாழ்வதுதான் முறை.

இன்னொரு பதிலும் சொன்னார்கள். மூன்றாவது முறை நிற்க அனுமதிதானே தருகிறோம், வேண்டாமென்றால் 2009 இல் மக்கள் தோற்கடித்துவிட்டுப் போகட்டும் என்று. அவர்களுடைய வாதங்களில் வலுவானது இதுதான். வேட்பாளர்களில் யார் என்பதும் விதி என்ன என்பதும் வேறு வேறு கேள்விகள் என்பதை மட்டும் இந்த வாதம் மறைத்துவிடுகிறது. அந்தத் தேர்தலில் ப்ளூம்பெர்க் தன் சொந்தப் பணத்தில் 10 கோடி டாலருக்கும் மேல் செலவழித்தார். அப்படியும் எதிர்த்து நின்ற பில் தாம்சனை வென்றது 5 சதவீதப் புள்ளிகளுக்கும் குறைவான வித்தியாசத்தில். அந்த வரம்பு பதவியில் இருப்பவரின் இந்த அனுகூலத்துக்கு எதிராகவே போடப்பட்டது. அந்த 29 பேரில் பலருக்கும் அந்த வாக்கினால் தங்கள் சொந்த இருக்கையில் இன்னும் நான்கு ஆண்டு வாய்ப்புக் கிடைத்தது. பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்களே முடிவுக் கோட்டைத் தள்ளி வைத்தது போல இருந்தது அது.

வழக்குப் போட்டார்கள். கூட்டாட்சி நீதிமன்றங்கள் 2009 இல் மன்றத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னன. வாக்கெடுப்பில் வந்த சட்டமும் மன்றம் போட்ட சட்டமும் தகுதியில் சமம், ஒன்றை மற்றது திருத்தலாம் என்பது அடிப்படை. பதவிக்காலத்தை மாற்றினால்தானே பொது வாக்கெடுப்பு கட்டாயம்? நான்கு ஆண்டு என்ற காலம் மாறவில்லை, எத்தனை முறை என்பதுதான் மாறியது. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம், அதோடு எனக்குச் சண்டை இல்லை. மன்றம் அப்படிச் செய்யலாம் என்றுதான் நீதிமன்றம் சொன்னது. செய்வது தகுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டே ஆண்டில் மக்கள் பதில் சொன்னார்கள். 2010 நவம்பரில் சாசனத் திருத்த ஆணையம் ஒன்று அதே கேள்வியை மறுபடி வைத்தது. நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் இரண்டு முறை போதும் என்றார்கள். 1993 வாக்கெடுப்புக்கே பணக்காரர் ஒருவர்தான் காசு போட்டார், அதை மக்கள் தீர்ப்பு என்று கொண்டாடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆம், எஸ்டே லாடர் அழகுசாதன நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ரொனால்ட் லாடர்தான் அந்த இயக்கத்துக்குச் செலவு செய்தார். அவரே 2008 இல் ப்ளூம்பெர்க்குக்கு ஒருமுறை விலக்குத் தரலாம் என்று சம்மதித்தார். பணம் போட்டவர் மனம் மாறினார். வாக்களித்தவர்கள் மூன்று முறையும் மாறவில்லை. பதவிக்கால வரம்பு நல்லதா கெட்டதா என்பதில் எனக்கு இன்றுவரை உறுதியான கருத்துக் கிடையாது. நல்ல உறுப்பினர்களையும் அது வீட்டுக்கு அனுப்புகிறது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் உரிமை யாருடையது என்பதில்தான் எனக்குச் சந்தேகமே இல்லை.

2010 வாக்கெடுப்பு இன்னொன்றையும் சாசனத்தில் சேர்த்தது: பதவியில் இருப்பவர்களுக்குப் பொருந்தும்படி இந்த வரம்பை மன்றம் மாற்றக் கூடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே ஒரு விதிக்கு மட்டும், அதிலும் பாதிக்கு மட்டும் போட்ட பூட்டு அது. மற்றக் கதவுகள் திறந்தே இருக்கின்றன.

இனி எனக்கு மிகவும் வேண்டிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். 2021 டிசம்பர் 9ஆம் தேதி இதே மன்றம், குடியுரிமை இல்லாவிட்டாலும் கிரீன் கார்டோ வேலை அனுமதியோ வைத்திருந்து, 30 நாட்களாவது இந்த நகரத்தில் வசிப்பவர்கள் நகரத் தேர்தல்களில் வாக்களிக்கலாம் என்று சட்டம் போட்டது. 33 பேர் ஆதரவு, 14 பேர் எதிர்ப்பு. சாசனத்தில் ஓர் அத்தியாயத்தையே சேர்த்தார்கள். 2022 ஜனவரியில் மேயரின் கையெழுத்து இல்லாமலே அது சட்டமானது. சுமார் 8 லட்சம் பேருக்கு வாக்கு கிடைத்திருக்கும். இந்தியாவில் பிறந்தவர்கள் கிரீன் கார்டு வரிசையில் எத்தனை ஆண்டுகள் நிற்கிறார்கள் என்பது நம்மவர்கள் எல்லோருக்கும் தெரியும். வரி கட்டுகிறார்கள், பிள்ளைகளைப் பொதுப் பள்ளியில் படிக்க வைக்கிறார்கள், சப்வே கட்டணம் கூடினால் அவர்களுக்கும்தான் கூடுகிறது. இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்து வேலை அனுமதியோடு இருக்கும் தமிழர்களுக்கும் இது பொருந்தியிருக்கும். அந்தச் சட்டத்தை நான் விரும்பினேன். இன்றும் விரும்புகிறேன்.

அது ஒரு தேர்தலில்கூட நடைமுறைக்கு வரவில்லை. 2022 ஜூனில் ஸ்டேட்டன் ஐலண்ட் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டு மன்றமும் அதையே சொன்னது. காரணங்களில் ஒன்று, தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றும் சட்டத்தை மக்களிடம் கேட்காமல் போட்டது. 2025 மார்ச்சில் மாநிலத்தின் உச்ச அமர்வு 6க்கு 1 என்ற கணக்கில் முடித்துவைத்தது: மாநில அரசியல் சட்டப்படி வாக்குரிமை குடிமக்களுக்கே. ஆகவே நகரத்தில் பொது வாக்கெடுப்பு நடத்தியிருந்தாலும் இந்தச் சட்டம் கடைசியில் விழுந்திருக்கும். இனி மாநில அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும். அதற்கு அடுத்தடுத்துத் தேர்ந்தெடுக்கப்படும் இரண்டு சட்டமன்றங்களும் பிறகு மக்களும் சம்மதிக்க வேண்டும்.

அப்படியிருந்தும் அன்றைக்கு மக்களைக் கேட்டிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். வாக்கெடுப்பு என்று வந்திருந்தால் எங்கள் தெருவில் இந்தப் பேச்சு நடந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வாக்களிக்கலாமா என்று குடிமக்களாக இருக்கும் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டிருப்போம். கோவிலில், தேவாலயத்தில், கடையில், சங்கக் கூட்டத்தில் விவாதம் வந்திருக்கும். வென்றிருந்தால், நாளைக்கு ஆல்பனியில் அரசியல் சட்டத் திருத்தம் கேட்கும்போது, நியூயார்க் நகர வாக்காளர்களே இதை விரும்புகிறார்கள் என்ற ஆதாரம் கையில் இருந்திருக்கும். இப்போது கையில் இருப்பது 33 உறுப்பினர்களின் வாக்கு மட்டும். தோற்றிருந்தால்? தோற்றிருப்போம், இன்னும் எத்தனை பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும். எனக்குப் பிடித்த மாற்றத்துக்கு ஒரு விதி, பிடிக்காத மாற்றத்துக்கு வேறு விதி என்று நான் உங்களிடம் கேட்க முடியாது. கேட்டால் 2008 ஐப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இருக்காது.

மன்றமும் மக்களும் ஒன்றுதான், மக்கள் தேர்ந்தெடுத்துத்தானே வந்திருக்கிறோம் என்பீர்கள். மினியாபொலிஸைப் பாருங்கள். ஜார்ஜ் ஃப்ளாய்ட் அங்கே ஒரு காவலரால் கொல்லப்பட்ட அடுத்த மாதம், 2020 ஜூனில், அந்த ஊர் மன்றம் காவல் துறைக்குப் பதிலாக வேறொரு துறையை அமைக்கும் சாசனத் திருத்தத்தை வாக்காளர்கள் முன் வைக்க 12க்கு 0 என்று வாக்களித்தது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. அந்த ஆண்டு கேள்வி வாக்குச் சீட்டுக்குப் போகவில்லை. 2021 இல் மக்களின் கையெழுத்து வழியாக அதே போன்ற ஒன்று வந்தபோது, சுமார் 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். யார் சரி என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஒரு மன்றம் முழுவதும் ஒரே குரலில் பேசினாலும் அது ஊரின் குரலாக இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மினசோட்டா மாநிலத்தில் சாசனத்தை உள்ளூர்ச் சட்டத்தால் திருத்த முடியாது என்றில்லை. திருத்தலாம். ஆனால் அங்கே சாசன ஆணையம் முதலில் பரிந்துரைக்க வேண்டும். முன்னறிவிப்புக் கொடுத்துப் பொது விசாரணை நடத்த வேண்டும். மன்ற உறுப்பினர் அத்தனை பேரும் ஆதரிக்க வேண்டும், பெரும்பான்மை போதாது. நிறைவேறிய பிறகும் 90 நாட்கள் அது நடைமுறைக்கு வராது. முதல் 60 நாட்களுக்குள் வாக்காளர்களில் 5 சதவீதம் பேர், அல்லது 2,000 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் கையெழுத்துப் போட்டால் விஷயம் வாக்கெடுப்புக்குப் போய்விடும். யாரும் ஆட்சேபிக்காத சின்னச் சின்னத் திருத்தங்கள் செலவில்லாமல் நடக்கின்றன. ஆட்சேபணை உள்ளவை தானாக மக்களிடம் வந்துவிடுகின்றன. கலிபோர்னியாவில் இன்னும் கண்டிப்பு: சாசன நகரங்களில் வாக்காளர்களின் பெரும்பான்மை இல்லாமல் சாசனத்தைத் திருத்தவே முடியாது. லாஸ் ஏஞ்சலஸ் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே, இவ்வளவு பெரிய நகரத்தில் முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2025 நவம்பரில், வீடு கட்ட அனுமதி தரும் நடைமுறையை மாற்றும் கேள்விகளுக்கு மக்கள் ஆம் என்று வாக்களித்தார்கள். மன்றத்தின் தலைமை அவற்றைக் கடுமையாக எதிர்த்தது, மன்றத்தின் கையில் இருந்த அதிகாரத்தில் ஒரு பகுதி போகிறதே என்று. எதிர்த்தது உங்கள் உரிமை, அதில் நியாயமும் இருக்கலாம். தங்கள் தொகுதியில் என்ன கட்டப்படுகிறது என்பதைச் சொல்ல முடியாத உறுப்பினரிடம் மக்கள் எதற்கு முறையிடுவார்கள்? ஆனால் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. இனி அந்த விதிகளில் ஏதாவதொன்றைத் தளர்த்தலாமா, ஒரு ஓரத்தில் திருத்தலாமா என்று யாராவது ஒரு வழக்கறிஞரிடம் கேட்டால், 23ஆம் பிரிவின் எந்தச் சந்தில் நுழையலாம் என்று அவர் சொல்லக்கூடும். அந்தச் சந்து இருக்கக் கூடாது என்பதே என் கோரிக்கை.

மேயர்களும் சுத்தமில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். 1998 இல் யாங்கி ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானத்தை மன்ஹாட்டனுக்கு மாற்றுவது பற்றி மன்றம் மக்களிடம் கேள்வி வைக்க முயன்றது. மேயர் ஜூலியானி அவசரமாக ஒரு சாசனத் திருத்த ஆணையத்தை அமைத்தார். மேயரின் ஆணையம் கேள்வி வைத்தால் மற்றக் கேள்விகள் பின்னுக்குப் போகும் என்ற விதியால் மன்றத்தின் கேள்வி காணாமல் போனது. 2024 இல் மேயர் ஆடம்ஸின் ஆணையமும், நான் மேலே சொன்ன உங்கள் நியமனக் கேள்விக்கு அதையே செய்தது. அப்போது நீங்கள் கோபப்பட்டீர்கள். மக்களிடம் போக விடாமல் தடுக்கிறார்கள் என்றீர்கள். சரியான கோபம். அதே கோபம் உங்கள் பக்கமாகவும் திரும்ப வேண்டும் என்று விரும்புகிறேன்.

நான் கேட்பது இதுதான். 2018 இல் இதே மன்றம் ஒரு சட்டம் போட்டு, மேயர், மன்றத் தலைவர், நகரத்தின் ஐந்து பெரும் பகுதிகளான போரோக்களின் தலைவர்கள் என்று பலரும் நியமித்த 15 பேர் கொண்ட ஆணையத்தை அமைத்தது. வேட்பாளர்களை முதல், இரண்டாவது என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் விருப்ப வரிசை வாக்கு முறையை அது கொண்டுவந்தது, அதை 2019 இல் 73 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏற்றார்கள். அதே போன்ற ஓர் ஆணையத்தை மறுபடி அமையுங்கள். பொது வாக்கெடுப்பில் வந்த ஒரு சாசனப் பிரிவின் பொருளை மாற்றும் எந்த உள்ளூர்ச் சட்டமும், அடுத்த பொதுத் தேர்தலில் மக்கள் ஏற்ற பிறகே நடைமுறைக்கு வரும் என்ற ஒரு விதியை எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை திருத்தம், நீதிமன்ற உத்தரவுக்குக் கட்டுப்படுவது போன்றவற்றுக்கு விலக்கு இருக்கட்டும். உண்மையான நெருக்கடியில் ஒரு பிரிவைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டுமென்றால் அதற்கும் இடம் கொடுங்கள், அடுத்த பொதுத் தேர்தல் வரைக்கும் மட்டும். பதவியில் இருப்பவர்களுக்கு லாபம் தரும் எதற்கும் அந்த இடம் கூடாது. மற்றச் சாசனத் திருத்தங்களுக்கு மினசோட்டாவைப் போல 90 நாள் காத்திருப்பும் கையெழுத்து வழியும் இருந்தால் நல்லது. அதற்கு மாநிலச் சட்டத்தில் மாற்றம் தேவையென்றால், ஆல்பனியைக் கேட்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

கேள்வி வைப்பதோடு வேலை முடிவதில்லை. வாக்குச் சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வருவதைப் பலர் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. நகரச் சட்டப்படி அரசுச் சேவைகளுக்கு மொழிபெயர்ப்பு தர வேண்டிய 10 மொழிகளில் வங்காளமும் உருதுவும் இருக்கின்றன, தமிழ் இல்லை. வாக்குச் சாவடிக்குக் கிளம்பும் முன் பேரப்பிள்ளையிடம் கேள்வியைப் படித்துக் காட்டச் சொல்லும் பெரியவர்களை நான் அறிவேன். பிள்ளைகளுக்கே அந்த ஆங்கிலம் புரிவதில்லை. இந்த விதிக்கான கேள்வியையாவது ஒரே வாக்கியத்தில், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி எழுதுங்கள். மொழிபெயர்ப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இங்குள்ள தமிழ்ச் சங்கங்களும் கோவில்களும் அந்த வேலையைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் ஓராண்டு, இரண்டாண்டு ஆகலாம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. உங்கள் மசோதாக்களோடு எளிய மொழியில் ஒரு சுருக்கம் வருகிறதே, அதில் ஒரு வரி சேருங்கள். இந்த மசோதா தொடும் சாசனப் பிரிவு மக்கள் வாக்கெடுப்பில் வந்ததா, வந்தது என்றால் எந்த ஆண்டு, எத்தனை சதவீதம் ஆதரவோடு. இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், ஆணையம் வேண்டாம், செலவும் கிடையாது. மசோதா எழுதும் உங்கள் அலுவலர்களுக்குச் சொன்னால் அடுத்த கூட்டத்திலிருந்தே தொடங்கலாம். தொடங்குவீர்களா என்பதை உங்கள் 51 பேரில் ஒவ்வொருவரும் தத்தம் தொகுதி மக்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குவீன்ஸில் வசிக்கும் ஒரு தமிழ் வாக்காளர்